கால் எப்படி இருக்கிறது, கேஸ் எதற்கு: எல்லாருக்கும் ஒரே பதில்



காலில் பிளேட் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறேன். அடுத்த கேள்வியைத்தான் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறீர்கள்: "டீச்சர், கேஸ் போட்டிருக்கீங்களாமே? உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே?"

ரேஷன் கடையிலிருந்து சாலை ஓரமாக நடந்து வரும்போது பின்னால் வந்த பைக் இடித்தது. ஓட்டியவன் இருபது வயதுப் பையன். ஓடிப்போகவில்லை. அவனேதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். போலீஸ் வாக்குமூலத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் அவன் அம்மா பத்தாயிரம் ரூபாயோடு வந்து, "இடறி விழுந்ததா சொல்லிடுங்கம்மா" என்று கையைப் பிடித்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நடக்காததை எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். போலீஸ் வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்த மூன்றாம் நபர் யார்? சாலையில் நடந்துபோகும் நாம்தான். அந்தப் பைக்குக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது, பையனிடம் லைசென்ஸும் இருக்கிறது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கட்ட வேண்டியது காப்பீட்டு நிறுவனம். அந்த அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஓய்வூதியர் காப்பீடு போக என் கைக்காசு 62,000 ரூபாய் செலவு. என்னைப் பார்த்துக்கொள்ள மருமகள் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் லீவு போட்டாள். பென்ஷன் நான் 34 வருடம் பாடம் நடத்தியதற்கு. கால் ஒடிந்ததற்கு இல்லை.

உங்கள் யாருக்கும் இப்படி நேரக் கூடாது. நேர்ந்தால் மறக்காதீர்கள்:

1. ஆஸ்பத்திரியில் சேரும்போதே "வண்டி இடித்தது" என்று பதியச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்குங்கள்.

2. மருந்துக் கடைச் சீட்டு, ஆட்டோ செலவு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

3. மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது சட்டம். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

4. ஆஸ்பத்திரி வாசலில் யார் வந்து கேட்டாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் உதவ வேண்டும் என்பது சட்டம்.

5. வீட்டு வேலை பார்க்கும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்புப் போட்டு இழப்பீடு கேட்கலாம். "சம்பாத்தியம் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

6. இடித்த வண்டி நிற்காமல் போய், எது என்றே தெரியாவிட்டாலும், கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு.

அடுத்த மாதம் வாய்தா. வாக்கரோடு போய் வருவேன்.

கடைசியாக, டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம்: உங்கள் வண்டி இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது? இன்று ராத்திரி எடுத்துப் பார்த்துவிட்டு, கீழே "பார்த்தாச்சு" என்று எழுதுங்கள். முடிந்துபோயிருந்தால் நாளைக்கே கட்டிவிடுங்கள். நாளை உங்கள் வண்டியின் முன்னால் நடந்து போவது இன்னொரு டீச்சராக இருக்கலாம்.

எல்லாரும் நல்லா இருங்க.