விலையைச் சொல்லலாமா?

இணையதளப் பெயர்களை (டொமைன்) கைமாற்றித் தரும் தரகுக்குப் புதிதாக வருகிறவர்கள் பேரம் பேசக் கற்றுக்கொள்ளத்தான் அவசரப்படுகிறார்கள். பேரம் நாளாவட்டத்தில் படிந்துவிடும். முடிந்த விலையை யாரிடம் சொல்லலாம், எதுவரை வாய் திறக்கக் கூடாது என்பதுதான் ஒவ்வொரு கைமாற்றத்திலும் என்னைப் புதிதாக யோசிக்க வைக்கிறது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எந்த விலையையும் சும்மா ஏற்கமாட்டார். ஏலமா, தனிப்பேரமா? பணம் இடையில் பிடித்துவைக்கும் எஸ்க்ரோவுக்கு வந்துவிட்டதா, தவணையா, பங்குகளா? பெயர் மட்டுமா, கூடவே வியாபாரமுமா? டொமைன் விற்பனை விலைகளைத் தொகுக்கும் நேம்பயோ பட்டியலில் எண்ணைப் பார்த்தாலும் இதே துருவல்தான். இன்ஷூரன்ஸ்.காம் 2010இல் 3.56 கோடி டாலருக்குப் போனது. அந்தத் தொகைக்குள் பெயரோடு தொழிலின் மற்றச் சொத்துகளும் அடங்கியிருந்தன. வெறும் பெயருக்கு அதை அளவுகோலாக்கினால் கணக்கு கோணிவிடும்.

ரகசியம் கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. பெரிய நிறுவனம் தன் பெயரில் வந்து கேட்டால் விலை ஏறும். வெளிவராத தயாரிப்பின் பெயரும் கசியும். ஆகவே தரகரை முன்னால் அனுப்புகிறார்கள். விற்பவருக்கும் தனக்கு எவ்வளவு வந்தது என்று ஊர் பேச வேண்டாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதும் இதற்காகத்தான்.

ஆனாலும் விலை கசியும். ஃபேஸ்புக் 2010இல் எஃப்பி.காம் பெயரை அமெரிக்க விவசாயிகளின் ஃபார்ம் பீரோ கூட்டமைப்பிடம் வாங்கியபோது தொகை அறிவிக்கப்படவில்லை. 2011 ஜனவரியில் கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில், டொமைன் விற்ற வகையில் 85 லட்சம் டாலர் வரவு என்று சொன்னார்கள். மிச்சத்தை எல்லோரும் ஊகித்துக்கொண்டார்கள். வாய்ஸ்.காம் பெயரை 2019இல் பிளாக்.ஒன் நிறுவனத்துக்கு விற்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் 3 கோடி டாலர் என்று தானே அறிவித்தது.

அதன்பின் ஒற்றைச்சொல் டாட்காம் வைத்திருந்தவர்களெல்லாம் அந்த எண்ணோடுதான் வந்தார்கள். அப்படி ஒருவர், கைக்கு வந்த நல்ல விலையைத் தள்ளிவிட்டார். வாங்க வந்தவர் வேறு பெயருக்குப் போய்விட்டார். அந்த உரிமையாளருக்கு முன்கூட்டியே உயர்ந்த விலை, தாழ்ந்த விலை இரண்டையும் அடுக்கிக் காட்டியிருந்தால் இறங்கியிருப்பார். அதற்குத் தாழ்ந்த விலைகளும் வெளியில் இருக்க வேண்டுமே! பெரிய எண்களே பேசப்பட்டு, நடுத்தர விற்பனைகள் ஒப்பந்தத்துக்குள் புதைவதுதான் இந்தத் தொழிலின் குறை. ஒரே ஒரு பெயரை வைத்திருக்கும் சின்ன ஆளுக்கு ஒப்பிட எதுவும் கிடைக்காது. பல பேரங்களைப் பார்த்த தரகரும் வாங்குபவரும் சொல்வதே விலை. இது எனக்குச் சம்மதமில்லை.

எனவே ஒப்பந்தத்தில் “எதையும் சொல்லக் கூடாது” என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். வாங்குபவர் பெயர், விற்பவர் பெயர், விலை மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். புதிய தளம் திறந்தபின் விலையை மட்டும் வெளியிடலாமா என்று கேளுங்கள். பேரம் சூடாக இருக்கும்போது கேட்டால் பலர் ஒப்புவார்கள், பணம் கைமாறியபின் யாரும் அசையமாட்டார்கள். வரி, தணிக்கை, பங்குச்சந்தை விதி, நீதிமன்றம் ஆகியவற்றுக்கு விலக்கு எழுதுங்கள். ரகசியம் என்றால், பெயரைத் தளத்தோடு இணைக்கும் நேம்சர்வரையும் திறப்புநாள் வரை மாற்றாதீர்கள். 2018க்குப் பின் டொமைன்களின் பொதுப் பதிவுத் தகவலில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கிறது; நேம்சர்வரும், பெயரைப் பதிவுசெய்து தரும் ரெஜிஸ்ட்ராரும் மறையவில்லை. அவை மாறுவதைக் கவனிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள்.

“ஏழு இலக்கத்தில் முடிந்தது” என்று ஜாடை காட்டுவதும் வாக்கு மீறல்தான். அடுத்த விற்பனையை முடித்துத் தரும் எண்ணாக இருந்தாலும், மூடச் சொன்னதை மூடியே வையுங்கள். வெளியிடச் சம்மதித்தால் குறைந்த விலையென்று கூசாமல், நேம்பயோ போன்ற பட்டியலுக்கு உடனே அனுப்பிவையுங்கள்.