எந்தக் கால்?

“எந்தக் கால் இப்ப தரையில இறங்குச்சு? கண்ணைத் தொறக்காமச் சொல்லு பாப்பா.”

முதல் மூன்று வாரம் பாய் எனக்கு நடத்திய பாடம் இது ஒன்றுதான். சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. மல்லியின் முதுகில் மடித்துப் போட்ட கம்பளி, அதன்மேல் இறுக்கிய ஒரு வார், அவ்வளவுதான். நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். பாய் கயிற்றைப் பிடித்துத் தென்னந்தோப்பைச் சுற்றி மல்லியை நடத்துவார். இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று குளம்பு இறங்க இறங்க நான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார். இன்னொரு சுற்று நடத்துவார். ஒரு நாள் பதினோரு சுற்று நடத்தினார்.

நான் பிசியோதெரபி படித்து ஏழு வருஷம் வேலை பார்த்தவள். மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்து, பெரிய ரப்பர் பந்தில் உட்காரவைத்து, விறைத்த தொடைகளை நீவி விரித்துப் பழகியவை என் கைகள். இடுப்பெலும்பு எப்படி அசையும் என்று படம் போட்டே விளக்குவேன். ஆனால் அந்த அசைவு என் இடுப்புக்குள் வந்தது அந்தத் தோப்பில்தான். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, காலை எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மல்லியின் இடது பின்னங்கால் முன்னே வரும்போது என் இடது இடுப்பு லேசாக இறங்கியது. அடுத்து வலது. அதோடு சின்னதாக ஒரு திருகல், முன்னே ஒரு தள்ளல். நான் நடக்கவில்லை, ஆனாலும் என் உடம்பு நடந்துகொண்டிருந்தது.

குதிரைத் தெரபியின் உயிர் இதில்தான் இருக்கிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு முன்பின்னாகவும் மேல்கீழாகவும் அசைகிறது, கூடவே சுழல்கிறது. குதிரையின் நடை, மேலே உட்கார்ந்தவரின் இடுப்பைக் கிட்டத்தட்ட அதேபோல் அசைக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அசைவு என்றால் 20 நிமிடத்தில் 2000. எந்தப் பந்திலும் என்னால் ஒரு பிள்ளைக்கு இதைக் கொடுக்க முடியாது. குதிரையின் உடம்புச் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்முடையதைவிட ஒரு டிகிரி கூடுதல். அந்தச் சூட்டின்மேல் காலை அகட்டி உட்காரும்போது, கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும் தொடைகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். குதிரைக்குக் கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்று பெயர். ஹிப்போதெரபி என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது.

ஆனால் நடை ஒரே சீராக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். குதிரை தயங்கினாலோ திடீரென்று வேகம் பிடித்தாலோ பிள்ளையின் உடம்பு மறுபடி விறைத்துவிடும். அந்தச் சீரைக் காப்பது கயிறு பிடிப்பவர் வேலை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் பாயிடம் போனேன்.

பாய்க்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் மதுரை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். அவருடைய அத்தாவும் ஜட்காக்காரர்தான். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம், யானைமலை முழுசாகத் தெரிகிற ஒரு தோப்பில் மல்லி நிற்கிறாள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய வெள்ளைப் பெட்டை. காதின் நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். சென்னை, பெங்களூர்ப் பக்கம் பெரிய குதிரைப் பள்ளிகளோடு சேர்ந்து நடக்கும் காரியம், இங்கே ஒரு குதிரையையும் சில மனிதர்களையும் வைத்து நடக்கிறது.

பாண்டிய நாட்டுக்கும் குதிரைக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்ததும், நரிகள் பரிகளாக வந்ததும் இந்த ஊரில் தெரியாத பிள்ளை இல்லை. அழகர் ஆற்றில் இறங்குவது தங்கக் குதிரையில். ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண் குதிரை. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ வேறொன்றையும் எழுதிவைத்திருக்கிறார். கடல் கடந்து ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் வருஷக் கடைசியில் மிஞ்சியவை சொற்பம் என்கிறார். பேணத் தெரிந்த ஆள் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். இதைப் பாயிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நிழலும் தண்ணியும் பாக்காம வாங்கிருக்காக. பாவம்மா அந்தச் சீவன்கள்” என்றார்.

அதனால் நடத்தப் பழகுவதற்கு முன்னால் பேணப் பழகினேன். ஊறவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, குதிரை மசால். பெயரிலேயே குதிரை இருந்தும் அந்தத் தீவனத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது சேராவிட்டால் வயிற்றுவலி வந்து உயிரே போகலாம். அதனால் ஒவ்வொரு பிடியும் முகர்ந்து பார்த்துத்தான் போட வேண்டும். சித்திரை வெயிலில் எத்தனை வாளித் தண்ணீர் போகிறது என்று எண்ண வேண்டும். தினமும் நாலு குளம்பையும் தூக்கிச் சுரண்ட வேண்டும். குளம்பின் அடியில் முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கும், ரப்பர்போல. அதன் இருபக்கப் பள்ளத்தில்தான் சாணியும் கல்லும் அடைபடும். கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனிக்கு இழுக்க வேண்டும், எதிராக இழுத்தால் மெத்தை கிழியும். என் தோளில் மல்லி தன் பாரத்தைச் சாய்த்துக் காலைக் கொடுத்த முதல் நாள், அழுகிய வைக்கோல் வாடைக்கு நடுவே நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு கயிறு. குதிரைக்கு இடப்பக்கம், அதன் தலைக்கும் தோளுக்கும் நடுவில் நின்று நடக்க வேண்டும். மிச்சக் கயிற்றை மடித்துப் பிடிக்கலாம், கையில் சுற்றவே கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு விரலைக் கொண்டுபோய்விடும். அதன் முகத்தைப் பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் அரிசி மூட்டையை மேலே கட்டிக்கொண்டு நடந்தேன்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வருவான். எட்டு வயது. இரண்டு காலும் விறைப்பு. அவன் அம்மா பூக்கட்டுகிறவர். விடியுமுன் பஸ் ஏறி, இடுப்பில் அவனைத் தூக்கிக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அவனை வைத்து நான் கயிறு பிடித்த மூன்றாவது நாள், பத்தடி தள்ளி ஒரு காய்ந்த மட்டை விழுந்தது. மல்லி காதைத் திருப்பினாள், அவ்வளவுதான். நான் பதறிக் கயிற்றைக் கீழே வெடுக்கென்று இழுத்தேன். அவள் சட்டென்று நின்றாள். பையன் முன்னால் சரிந்து அவள் பிடரியில் முகம் மோதினான். இரண்டு பக்கமும் நடந்தவர்கள் அவன் தொடைமேல் முன்கையை அழுத்தி நிறுத்தினார்கள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவன் கால்கள் பழையபடி பின்னிக்கொண்டன. இரண்டு வாரம் ஏறமாட்டேன் என்று அம்மா தோளைக் கட்டிக்கொண்டான். “மட்டைக்கு அது பயப்படல. உன் கைக்குப் பயந்துச்சு” என்றார் பாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மீண்டும் அரிசி மூட்டை.

அந்த வாரமே தோப்புக்காரர் ஆள் விட்டு, நடைபாதைக்கு மேலே இருந்த காய்ந்த மட்டையையும் நெற்றையும் முழுக்க இறக்கினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இப்படித்தான் இந்த இடம் நிற்கிறது. லாடம் அடிக்கிற அண்ணன் தேனிப் பக்கத்திலிருந்து ஆறு, ஏழு வாரத்துக்கு ஒருமுறை வருவார். பந்தயக் குதிரைகளுக்கு அடிப்பவர். மல்லிக்கு மட்டும் ஆணி ஒவ்வொன்றையும் இருமுறை தட்டிப் பார்ப்பார். காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் சனிக்கிழமை பக்கத்தில் நடக்க வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோக்கார அண்ணன் வருவார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். மல்லியைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்த பிள்ளை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கும். அப்படி இருந்தால் குதிரை ஏற்றுவது தண்டுவடத்துக்கு ஆபத்து. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் கூடாது என்றுவிட்டார். அதை அந்த அண்ணனிடம் சொல்ல வேண்டிய வேலை என்னுடையது. அவர் தலையாட்டினார், மகளைக் கூட்டிக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். அடுத்த ஞாயிறு வந்தார். மகள் மல்லிக்குக் கேரட் ஊட்டினாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, “எந்தப் பக்கம் நடக்கணும் மேடம்?” என்று கேட்டார். இன்றுவரை ஒரு ஞாயிறும் தவறவில்லை, அடுத்தவர் பிள்ளைகளின் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

குதிரை ஏறினால் பிள்ளை நடந்துவிடும் என்று பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். மேலூர் அம்மாவும் ஒருநாள் கேட்டார்: “இவன் நடந்துருவானா தாயி?” நான் லிஸ் ஹார்டெலின் கதையைச் சொன்னேன். டென்மார்க்காரர். 1944இல், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே பலம் திரும்பவே இல்லை. ஆனாலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெண்களை முதன்முதலாக அனுமதித்த டிரெசாஜ் என்னும் குதிரையேற்றப் போட்டியில், ஜூபிலி என்ற குதிரைமேல் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். குதிரையிலிருந்து ஆள் பிடித்துத்தான் இறங்கினார். தங்கம் வென்ற ஸ்வீடன்காரர் ஹென்றி செயின்ட் சிர் அவரைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார். அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் பல இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரைப் பயிற்சி பரவியது. “அந்தம்மா காலும் கடைசிவரை சரியாகலக்கா. ஆனா நிமிந்து உக்காந்தாங்க” என்றேன். அவர் பூவைக் கட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, “இவன் செவுத்துல சாயாம உக்காந்து சோறு தின்னாப் போதும்” என்றார்.

இப்போது அப்படித் தின்கிறான். வீட்டில் அம்மா தினமும் நீவிவிடுவதும் என் பயிற்சிகளும் மல்லியும் சேர்ந்து செய்தது அது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியாது.

போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு நாலு நாள் முன்னால், பாய் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்த் திண்ணையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மசால் கட்டைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து பையனை ஏற்றினோம். வலப்பக்கம் ஆட்டோ அண்ணன், இடப்பக்கம் ஒரு காலேஜ் பெண். ஒரு சுற்று போனோம், இரண்டாவது சுற்றும் போனோம். பையனின் பாதங்கள் மல்லியின் வயிற்றின் இருபக்கமும் தளர்ந்து தொங்கி ஆடின. கிணற்றடியில் கல் பாவிய இடத்தில் குளம்புச் சத்தம் தெளிவாகக் கேட்கும். அங்கே வந்ததும் மேலிருந்து குரல் வந்தது.

“அக்கா, எந்தக் கால்?”

நான் மல்லியைப் பார்க்கவில்லை. “வலது பின்னங்கால்” என்றேன்.

“அதுதான்” என்றார் பாய், திரும்பாமலே. “அந்த லாடந்தான் தளருது. தேனிக்காரருக்குப் போன் போட்டு நாளைக்கு வரச் சொல்லு பாப்பா.”