சுத்துது, பிடிக்கல

தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். எங்கள் வாசலில் நின்ற அப்பாவின் 1998 மாடல் மாருதி 800-க்குத் தடைக்காலம் கொஞ்சம் நீளம், எட்டு மாதம். என்னை இன்ஜினியரிங் காலேஜில் சேர்க்கப் போன வண்டி அது. "எடைக்குப் போட்டுடலாம்பா" என்று போனில் சொன்னேன். அதற்கப்புறம் அப்பா என்னோடு பேசவில்லை. லீவு போட்டுவிட்டு வந்தேன்.

புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"சுத்துதா?" என்றார் அப்பா. முப்பது வருஷம் படகில் டிரைவர். இன்ஜின் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது.

"சுத்துது, பிடிக்கல" என்று கத்தினேன்.

அந்த 800-ல் இருப்பது கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும்தான். லேப்டாப்பைச் செருகி என்ன கோளாறு என்று கேட்க முடியாது. எட்டு மாதம் நின்ற பெட்ரோல்தான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். டேங்கைக் காலி செய்து புதுசு ஊற்றினேன். பிடிக்கவில்லை. அறந்தாங்கி போய் ஃபியூயல் பம்ப் வாங்கி வந்து மாற்றினேன். அப்போதும் இல்லை. (லாக் பார்க்காமல் எதையும் மாற்றாதே என்று ஆபீஸில் ஜூனியர்களைத் திட்டுகிறவன் நான்.)

"பெட்ரோல் வாசம் அடிக்குதே தம்பி" என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். டீசல்காரருக்கு இதில் என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். டீசல் இன்ஜினில் தீப்பொறி என்ற பேச்சே கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும்.

இரண்டாம் நாள் இரவுதான் பிளக்கைக் கழற்றினேன். ஈரம். பெட்ரோல் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை. வாசம் அடங்கும்வரை பானட்டைத் திறந்து வைத்திருந்தோம். கழற்றிய பிளக்குகளைத் திரும்ப மாட்டி, வேறொரு காய்ந்த பிளக்கை வயரில் செருகி, அதன் இரும்பு இன்ஜினில் படும்படி வைத்தேன். அப்பா சாவியைத் திருப்பினார். இருட்டில் ஒரு பொறிகூடத் தெரியவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. உப்புக்காற்று. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியையே தின்னும்.

விடியற்காலை உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, பிளக்குகளைக் காயவைத்து மாட்டினேன். நாலாவது திருப்பலில் பிடித்தது. அப்பாவுக்குக் கேட்டிருக்காது. வேகமாகக் கையை ஆட்டினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையை இன்ஜினுக்கு மேலே தகரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"மூணுல ஒண்ணு அடிக்கல தம்பி."

நடு பிளக்கின் வயரை நான் சரியாக அழுத்தியிருக்கவில்லை.