கழுத்து வெடித்த கிட்டாரை வாங்கலாமா?

 

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐயும் தாண்டிப் போன பிறகு, புதுக் கிட்டார் என்பது எங்கள் பிள்ளைகள் பலருக்குக் கைக்கு எட்டாத சாமானாகிவிட்டது. பாவித்த கிட்டார்தான் தேடுகிறார்கள். அப்படி விலைக்கு வருகிறவற்றில் பயப்பட வைக்கும் குறை, கழுத்தில் வெடிப்பு. (கிட்டார் கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். வகுப்பில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.)

மூன்று மாதத்துக்கு முன் கொட்டாஞ்சேனை மாணவர் ஒருவர் வந்தார். ஞாயிறு பூசையில் பாடுகிற பிள்ளை. இரண்டு வருடமாகச் சேர்த்த 18,000 ரூபா கையில் இருந்தது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் கிட்டார் பார்த்திருக்கிறார். "சேர், கழுத்தில ஒரு கோடு இருக்கு. அது வெறும் பெயின்ட் வெடிப்பாம். ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றார். போனோம்.

முதலில், ஏன் அந்த இடத்தில் வெடிக்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். உருக்குக் கம்பி ஆறையும் சுருதி சேர்த்தால் அவை இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். வளர்ந்த ஒரு மனிதர் எந்நேரமும் தொங்கிக்கொண்டிருப்பது போல. தலைப் பகுதி பின்னால் சாயும் இடத்தில் கழுத்து மெலிந்திருக்கும். பல கிட்டார்களில் உள்ளே இரும்புக் கம்பிக்காகக் குடைந்தும் இருப்பார்கள். மரத்தின் நாரும் அங்கேதான் குறுக்கே வெட்டுப்படும். பெயர்பெற்ற கிப்சன் கிட்டார்களில் தலை 17 பாகை சாய்ந்திருக்கும். விழுந்தால் அந்த இடத்தில் உடைவதற்கு அவை பேர்போனவை. அப்படி உடைந்தவற்றை ஒட்டி இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே வெடிப்பு என்றதும் விறகு என்று முடிவுகட்ட வேண்டாம்.

பார்க்கும் முறை இதுதான்.

கோடு நேராக, இரண்டு பக்கமும் ஒரே சாய்வில், அளவாக ஓடுகிறதா? அது பெரும்பாலும் தொழிற்சாலையில் தலையைத் தனித் துண்டாகச் செய்து ஒட்டிய இடம். மலிவான கிட்டார்களில் சாதாரணம். கோணல்மாணலாக, மரத்தின் நாரோடு ஓடினால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, உடைமைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, டோர்ச் அடித்தபடி தலையை மெதுவாக முன்னும் பின்னும் அழுத்திப் பாருங்கள். கோடு மயிரளவு விரிந்து மூடினாலோ 'கிரீச்' என்றாலோ மரமே வெடித்திருக்கிறது.

பிறகு சுருதி சேர்த்து அரை மணித்தியாலம் வையுங்கள். எல்லாக் கம்பியும் ஒன்றாக இறங்கியிருந்தால் கழுத்து அசைகிறது.

கடைசியாக, பழைய பசை இருக்கிறதா என்று பாருங்கள். சுப்பர் குளூ ஊற்றிய வெடிப்பில் புதுப்பசை மரத்தைப் பிடிக்காது. உடம்போடு சேரும் அடிப்பகுதி வெடித்திருந்தால் அதுவும் பெரிய வேலை. இரண்டையும் விட்டுவிடுவது நல்லது.

நாங்கள் பார்த்தது பெயின்ட் வெடிப்பு அல்ல. அழுத்தியபோது கோடு திறந்தது. ஆனால் வெடிப்பு புதியது, சுத்தமானது. மாணவர் அதை விற்பவருக்கே காட்டினார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு 18,000 என்ற விலை 9,000 ஆனது.

எங்கள் தெரு ஓடாவி ஒருவரும் நாங்களும் சேர்ந்து ஒட்டினோம். கம்பிகளைக் கழற்றி, வெடிப்பை உடைக்காமல் மெல்ல விரித்து, ஓடாவிமார் பாவிக்கும் மரப்பசையை மெல்லிய தகட்டால் அடிவரை செலுத்தினோம். தலையை அசைத்து அசைத்து, மறுபக்கம் பசை கசியும் வரை. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியில் பசை போகாமல் பார்த்துக்கொண்டோம். கசிந்ததை ஈரத்துணியால் துடைத்தோம். பிளாஸ்டிக் தாள் சுற்றி, கழுத்தின் வளைவுக்குச் செதுக்கிய பலகைத் துண்டுகள் வைத்து கிளாம்ப் போட்டோம். பசை முழுக்கப் பிழியுமளவுக்கு முறுக்கக் கூடாது. கொழும்புக் காற்றின் ஈரத்துக்கு ஒரு நாள் போதாது என்று இரண்டு நாள் விட்டோம். கம்பி போட்டதும் ஒரு நாள் தளர்வாகவே வைத்தோம். பிறகுதான் முழுச் சுருதி.

நாரோடு நன்றாக ஒட்டிய மரம், பக்கத்து மரத்தைவிட உறுதியாக நிற்கும். கடும் வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் மட்டும் வைக்கக் கூடாது. சூட்டில் பசை இளகும்.

வாங்குகிறவர்களுக்கு இவ்வளவும் சொன்னேன். விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவம் நாங்கள் மத்ரஸாவில் படித்தது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்றுதான் நபியவர்கள் கேட்டார்கள். நனைந்ததை விற்பதைத் தடுக்கவில்லை, மறைத்ததைத்தான் கண்டித்தார்கள்.

கிட்டாருக்கும் அதே கணக்குத்தான். வெடித்ததை விற்பது குற்றமில்லை. அந்த 18,000 ஒரு பிள்ளையின் இரண்டு வருடம். அதனால் விற்பனைக்குப் படம் போடும்போது, வெடிப்பின் படத்தை முதலில் போடுங்கள். ஒட்டியதாக இருந்தால் ஒட்டியது என்று எழுதுங்கள். வாங்குகிறவர் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.