கைப்பிடி இல்லாத அடிபம்பு

லண்டனின் சோஹோ பகுதியில் இருக்கிறது பிராட்விக் தெரு. அங்கே நடைபாதை ஓரம் ஓர் அடிபம்பு நிற்கிறது. கைப்பிடி கிடையாது, தண்ணீரும் வராது. ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். நினைவுச் சின்னமாக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

1854 ஆகஸ்ட் கடைசியில் இந்தத் தெருவில் காலரா புகுந்தது. சில வாரங்களில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட நாற்றம்தான் காலராவைப் பரப்புகிறது என்று அரசும் பெரும்பாலான மருத்துவர்களும் நம்பிய காலம். ஜான் ஸ்நோ என்ற மருத்துவரோ தண்ணீரைச் சந்தேகித்தார். வீடு வீடாக விசாரித்ததில், இறந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்த பம்பில் தண்ணீர் குடித்தவர்கள் என்று தெரிந்தது. பக்கத்து பீர் ஆலைத் தொழிலாளர்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் குடித்தது ஆலையின் பீர். ஆலைக்குத் தனிக் கிணறும் இருந்தது.

ஸ்நோ வற்புறுத்த, செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிறகு தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டு மலக்குழி கிணற்றுக்குள் கசிந்திருந்தது. அந்த வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த கைக்குழந்தையின் துணி அலசிய நீரை அந்தக் குழியில்தான் கொட்டியிருந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அரசின் சுகாதார வாரியம் ஸ்நோ சொன்னதை ஏற்கவில்லை.

அப்படியானால் லண்டனை மாற்றியது எது? அதைத் தெரிந்துகொள்ள, இங்கிருந்து அரை மணி நேரம் நடந்து தேம்ஸ் கரைக்குப் போக வேண்டும்.

1858 கோடையில் ஊரின் மொத்தக் கழிவும் இந்த ஆற்றில்தான் கலந்தது. வெயில் ஏற ஏற, நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆற்றங்கரையிலேயே இருந்த நாடாளுமன்றத்தில், பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. பொறியாளர் ஜோசப் பசல்கெட்டின் பாதாளச் சாக்கடைத் திட்டம் முன்பே தயாராக இருந்தது. பணத்துக்கும் அனுமதிக்கும்தான் இழுபறி. இப்போது 18 நாட்களில் சட்டம் நிறைவேறிவிட்டது! சோஹோவின் சாவுகள் செய்யாததை, எம்.பி.க்களின் மூக்கு செய்துவிட்டது.

நாற்றத்தை ஒழிக்கத்தான் சாக்கடை கட்டினார்கள். ஆனால் சுத்தமானது தண்ணீர். 1866-ல் காலரா மறுபடி வந்தபோது, இந்தப் பணி முடியாத கிழக்கு லண்டனைத்தான் கடுமையாகத் தாக்கியது. அதன் பிறகு லண்டனில் காலரா கொள்ளைநோயாகப் பரவவே இல்லை.

இதையெல்லாம் பார்க்க ஸ்நோ இல்லை. நாற்றம் உச்சத்தில் இருந்த அதே 1858 ஜூனில், 45 வயதில் இறந்துவிட்டார்.

எம்பேங்க்மென்ட் ரயில் நிலையத்துக்கு அருகே, ஆற்றங்கரையில் பசல்கெட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர் கட்டிய சாக்கடை இன்றும் உங்கள் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.