வாப்பா மறக்கவில்லை



போன விடுமுறையில் ரிவர்ஸ்டனில் ஒரே பனிமூட்டம். வெளியே போக வழியில்லை. இஷா தொழுதுவிட்டு வாப்பாவுக்கு லேப்டாப்பில் ஒரு படம் போட்டோம். காசு கொடுத்து வாங்கிய ப்ளூ-ரே டிஸ்கிலிருந்து நாங்களே பிரதி எடுத்தது.

பாதியில் வாப்பா கேட்டார்: "இவன் முதல்லயே மௌத்தாப் போயிட்டானே?"

நாங்கள் போனைப் பார்த்தபடியே, "நீங்க மறந்திட்டீங்க வாப்பா" என்றோம். கொஞ்ச நாளாகவே சாவியை, கண்ணாடியை வைத்த இடம் அவருக்கு மறந்துபோகிறது. அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. சுபஹுக்குப் பிறகும் முகம் வாடியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் படத்தை ஒழுங்காகப் பார்த்தோம். செத்தவன் உண்மையிலேயே எழும்பி நடக்கிறான்!

ப்ளூ-ரேயில் படம் பல துண்டுகளாக இருக்கலாம். எதற்குப் பின் எது என்று சொல்வது பிளேலிஸ்ட். பிரதி எடுப்பவரைக் குழப்ப, சில டிஸ்குகளில் நூற்றுக்கணக்கான பொய்ப் பிளேலிஸ்டுகள் வைப்பார்கள். துண்டுகளும் நீளமும் ஒன்றுதான், வரிசைதான் வேறு. நாங்கள் நீளத்தைப் பார்த்து முதலாவதை எடுத்துவிட்டோம்.

சரியான வழி இது: பிளேலிஸ்ட் எண்ணைக் காட்டும் மென்பொருளில் டிஸ்கை மெனு வழியாக ஓடவிடுங்கள். அது எடுக்கும் எண்ணைக் குறித்து, அதையே மேக்எம்கேவியில் தெரிவுசெய்யுங்கள். பிறகு நான்கைந்து இடங்களில் டிஸ்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாப்பாவிடம் மாப்புக் கேட்டோம்.

"அப்ப எனக்கு ஒண்டுமில்லயா?" என்றார்.

"இல்ல வாப்பா, பிழை எங்கட."

"அப்ப திரும்பப் போடுங்க. போனை அங்கால வைங்க."