மூன்று விரல் தூரம்

கல்லூரிக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். குமட்டாத நாளில்லை; படிப்பையே விட்டுவிடலாமா என்றும் எண்ணியதுண்டு. விலங்கியல் பேராசிரியர்தாம் சீன மருத்துவத்தின் ‘நெய்குவான்’ புள்ளியைக் காட்டித் தந்தார். ‘உள்வாயில்’ என்று பொருளாம். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, உள்ளங்கைப் பக்கத்தில், இரு தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஊசியும் வேண்டாம், காசும் வேண்டாம்! பேருந்து புறப்பட்டதும் அழுத்தத் தொடங்கிவிடுவேன்.

‘சி’ என்னும் உயிராற்றல் ஓடும் பாதையில் அப்புள்ளி இருப்பதாகச் சீனர் கூறுவர். உடற்கூற்றியல் அப்பாதையைக் கண்டதில்லை. எனினும் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலை இப்புள்ளி குறைப்பதாக 2015-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. பேருந்துக் குமட்டலுக்கு அத்துணைச் சான்றில்லை. என் வயிறு அதை அறியாது போலும்! இப்போதெல்லாம் ஜன்னலோர இருக்கையைத் தோழியருக்கு விட்டுக்கொடுக்கிறேன்.